பழைய பிக்கப்பில் ஹீட்டர் சூடாகவில்லை: காரணத்தை எங்கிருந்து தேடுவது?

குளிர்காலம் தொடங்கியதும் பழைய பிக்கப்பின் ஹீட்டர் வெறும் குளிர்காற்றை ஊதினால், பெரும்பாலானோர் முதலில் தெர்மோஸ்டாட்டை வாங்கி மாற்றுகிறார்கள். அது பலன் தராவிட்டால் வாட்டர் பம்ப். அதுவும் இல்லையென்றால், டேஷ்போர்டுக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டரான ஹீட்டர் கோர். இந்த வரிசையில் போனால் செலவு ஏறிக்கொண்டே போகும். பல பிக்கப்களில் ஹீட்டர் கோரை வெளியே எடுக்க டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும். அந்த உழைப்பின் கூலி பாகத்தின் விலையைவிடப் பல மடங்கு. எல்லாவற்றையும் மாற்றிய பிறகு, டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் ஒரு பிளாஸ்டிக் கதவின் அச்சு உடைந்திருந்ததுதான் காரணம் என்று தெரியவந்தால் எப்படி இருக்கும்?

சூடு வராததற்குப் பத்துப் பதினைந்து காரணங்கள் இருக்கலாம். ஆனால் அவற்றைச் சில நிமிடங்களில் இரண்டு மூன்றாகக் குறைத்துவிட முடியும். அதற்கு ஸ்கேனர் தேவையில்லை. எஞ்சினிலிருந்து டேஷ்போர்டுக்குப் போகும் இரண்டு ரப்பர் ஹோஸ்களும், அவற்றைத் தொட்டுப் பார்க்கும் பொறுமையும் போதும்.

சூடு எங்கிருந்து வருகிறது

எஞ்சினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியே புகையோடு போய்விடுகிறது. மீதி எஞ்சினின் இரும்பையும் அலுமினியத்தையும் சூடாக்குகிறது. அந்தச் சூட்டை எடுத்துக்கொண்டு போவதுதான் கூலன்ட். தண்ணீரும் எத்திலீன் கிளைகாலும் பாதிக்குப் பாதி கலந்த கலவை பொதுவாகப் பயன்படுகிறது. இது மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது.

வாட்டர் பம்ப் இந்தக் கலவையை எஞ்சினுக்குள் சுற்றவிடுகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டருக்குப் போகும் வழியை தெர்மோஸ்டாட் மூடி வைத்திருக்கும். கலவை சூடேறி, தெர்மோஸ்டாட்டில் பொறிக்கப்பட்ட வெப்பநிலையை எட்டியதும் அது திறக்கத் தொடங்கும். இந்த வெப்பநிலை வண்டிக்கு வண்டி மாறும். 82, 88, 91 டிகிரி ஆகியவை அடிக்கடி காணப்படும் அளவுகள்.

ரேடியேட்டர் வழி மூடியிருக்கும்போதும் கூலன்ட் சுற்றிவர ஒரு கிளைப்பாதை உண்டு. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புச் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும் இரண்டு ஹோஸ்கள்தான் அந்தப் பாதை. ஒன்று சூடான கூலன்ட்டை உள்ளே கொண்டுபோகும். மற்றொன்று திரும்பக் கொண்டுவரும். நடுவே, டேஷ்போர்டுக்குள், ஒரு சிறிய ரேடியேட்டர் இருக்கிறது. அதுதான் ஹீட்டர் கோர். புளோயர் ஊதும் காற்று அதன் தகடுகளுக்கு இடையே புகுந்து சூடாகி உங்களிடம் வருகிறது.

ஆக, ஹீட்டர் தானாகச் சூடு உண்டாக்கும் கருவி அல்ல. எஞ்சினின் குளிர்விப்பு அமைப்பில் ஒரு கிளை. அதனால்தான் ஹீட்டரின் பழுது பல நேரங்களில் எஞ்சினைப் பற்றிய முன்னெச்சரிக்கையாகவும் இருக்கிறது.

சூடான காற்று வர நான்கும் சேர வேண்டும்

1. எஞ்சின் முழு வெப்பநிலையை எட்டியிருக்க வேண்டும்.
2. அந்தச் சூடான கூலன்ட் ஹீட்டர் கோருக்குள் போய் வெளியே வர வேண்டும்.
3. புளோயர் காற்றைத் தள்ள வேண்டும்.
4. டேஷ்போர்டுக்குள் இருக்கும் கதவுகள் அந்தக் காற்றை ஹீட்டர் கோர் வழியாகத் திருப்பிவிட வேண்டும்.

முதல் இரண்டும் தண்ணீர்ப் பக்கம், அடுத்த இரண்டும் காற்றுப் பக்கம். கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு முன் எந்தப் பாகத்தையும் வாங்க வேண்டாம்.

கையை வைக்கும் முன்

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. பல வண்டிகளில் சதுர அங்குலத்துக்கு 13 முதல் 16 பவுண்டு வரை. அந்த அழுத்தத்தில் கூலன்ட்டின் கொதிநிலை 100 டிகிரிக்கு வெகுவாக மேலே போய்விடும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் பாயும். ரேடியேட்டர் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் காத்திருங்கள்.

மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட வேண்டாம், கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. எலெக்ட்ரிக் ஃபேன் உள்ள வண்டியில் எஞ்சின் நின்றபிறகும் ஃபேன் திடீரென்று சுழலலாம்; சட்டைக் கையும் துப்பட்டாவும் அதன் அருகே போகக் கூடாது.

முதல் சோதனை: கூலன்ட் அளவு

எஞ்சின் முழுவதும் ஆறியபிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்து வரை கூலன்ட் நிற்கிறதா என்று பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தி அடையக் கூடாது. டப்பாவில் அளவு சரியாக இருந்தும் ரேடியேட்டர் காலியாக இருப்பது பழைய வண்டிகளில் சகஜம். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்திருந்தாலோ, டப்பாவுக்குப் போகும் சின்னக் குழாய் வெடித்திருந்தாலோ, எஞ்சின் ஆறும்போது டப்பாவிலிருந்து கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்ச முடியாது. அதற்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும். ரேடியேட்டரில் மூடியே இல்லாத, அழுத்தம் தாங்கும் டப்பா உள்ள வண்டிகளில் மட்டும் அந்த டப்பாவில் உள்ள அளவை நம்பலாம்.

அளவு குறைந்தால் ஹீட்டர் ஏன் முதலில் அடிவாங்குகிறது? பல வண்டிகளில் ஹீட்டர் கோர் குளிர்விப்பு அமைப்பின் உயரமான இடங்களில் ஒன்று. காற்று எப்போதும் மேலே ஏறும். கூலன்ட் ஒரு லிட்டர் குறைந்தால் அந்த இடத்தை நிரப்பிய காற்று ஹீட்டர் கோருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எஞ்சினுக்குப் போதுமான கூலன்ட் இன்னும் இருப்பதால் டெம்பரேச்சர் கேஜ் ஒன்றும் காட்டாது. ஹீட்டர் மட்டும் குளிரும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம் கேட்டால், சந்தேகமே வேண்டாம், உள்ளே காற்று இருக்கிறது.

அளவைச் சரிசெய்ததும் சூடு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கூலன்ட் ஆவியாகிப் போகிற பொருள் அல்ல. குறைந்தது என்றால் எங்கோ போயிருக்கிறது. அது எங்கே என்பதற்குப் பின்னால் வருவோம்.

இரண்டு ஹோஸ்கள் சொல்வது

இதுதான் மையமான சோதனை. வண்டியை இருபது நிமிடமாவது ஓட்டி எஞ்சினை முழுவதும் சூடாக்குங்கள். ஹீட்டர் குமிழைக் கடைசிவரை சூட்டுப் பக்கம் திருப்பி, புளோயரை நடு வேகத்தில் வையுங்கள். வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பானெட்டைத் திறந்து, தடுப்புச் சுவருக்குள் நுழையும் இரண்டு ஹோஸ்களையும் கண்டுபிடியுங்கள். பெல்ட்டிலிருந்து தள்ளியே இருக்கும். கையுறையோடு முதலில் லேசாகத் தொடுங்கள்.

60 டிகிரிக்கு மேல் போனால் வெறுங்கையை அந்த ஹோஸின்மேல் வைத்திருக்க முடியாது. வைத்ததும் இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தால் கூலன்ட் நல்ல சூட்டில் இருக்கிறது என்று பொருள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியம்; கறுப்பு ரப்பரில் அது சரியாகவே காட்டும். பளபளக்கும் உலோகக் குழாயில் குறி வைத்தால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும். அங்கே அளக்க வேண்டுமானால் ஒரு துண்டுக் கறுப்பு டேப்பை ஒட்டி அதன்மேல் அளக்க வேண்டும்.

மூன்று முடிவுகளில் ஒன்று கிடைக்கும்:

1. இரண்டு ஹோஸ்களும் வெதுவெதுப்பு மட்டுமே. எஞ்சின் சூடாகவில்லை, அல்லது கூலன்ட் அந்தக் கிளைக்கே வரவில்லை.
2. உள்ளே போவது கொதிக்கிறது, திரும்புவது ஆறிக் கிடக்கிறது. கூலன்ட் கோர் வரை வருகிறது. உள்ளே புகுந்து ஓடவில்லை.
3. இரண்டுமே கொதிக்கின்றன, திரும்புவது சற்றே குறைவு. தண்ணீர்ப் பக்கம் குறையில்லை. கோளாறு காற்றுப் பக்கம்.

தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், கோர், கதவு ஆகிய நான்கில் இரண்டு மூன்றை இந்த ஒரே சோதனை பட்டியலிலிருந்து நீக்கிவிடும்.

இரண்டும் வெதுவெதுப்பு என்றால்

தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டிருப்பதுதான் அடிக்கடி காணும் காரணம். குளிரில் வேகமாக ஓட்டும்போது ரேடியேட்டர் வழியே கூலன்ட் ஓயாமல் ஓடி, எஞ்சினை முழுச் சூட்டுக்கு வரவிடாது. நகருக்குள் ஊர்ந்து போகும்போது கேஜ் சற்று ஏறும், நெடுஞ்சாலையில் இறங்கும். எரிபொருளும் கூடுதலாகச் செலவாகும்.

உறுதிசெய்வது எளிது. முழுவதும் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸில் கை வையுங்கள். தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் அந்த ஹோஸ் வெகுநேரம் குளிர்ந்தே இருக்கும். பிறகு கொஞ்ச நேரத்துக்குள் சட்டென்று சூடேறும். முதல் நிமிடத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறினால் தெர்மோஸ்டாட் மூடவில்லை. கழற்றிய தெர்மோஸ்டாட்டைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கி, பொறிக்கப்பட்ட வெப்பநிலையில் திறக்கத் தொடங்குகிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் அறை வெப்பத்திலேயே இடைவெளி தெரிந்தால் அந்தச் சோதனையே தேவையில்லை.

புதியதை மாட்டும்போது ஸ்பிரிங்கும் மெழுகு உருளையும் உள்ள பக்கம் எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். சிறிய அசையும் ஊசி இருந்தால் அது மேலே வர வேண்டும். காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். சூடு அதிகம் வரட்டும் என்று பொறித்திருப்பதைவிட உயர்ந்த அளவு தெர்மோஸ்டாட்டைப் போடுவது தேவையற்றது. அதே வண்டிக்குத் தயாரிப்பாளர் சொன்ன அளவே போதும்.

கேஜை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது. பழைய வண்டிகளில் சென்சாரும் அதன் வயரும் தேய்ந்திருக்கும். தெர்மோஸ்டாட் பெட்டிக்கு அருகே அளக்கும் வெப்பநிலைதான் உண்மை. அங்கே 85–90 டிகிரி இருந்து ஹோஸ்கள் மட்டும் ஆறிக் கிடந்தால், எஞ்சினிலிருந்து ஹீட்டர் ஹோஸ் கிளம்பும் இடத்திலோ, ஹீட்டருக்குப் போகும் கூலன்ட்டைத் திறந்து மூடும் கன்ட்ரோல் வால்விலோ அடைப்பு இருக்கும், அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கும்.

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் ஒன்றை மனதில் கொள்ள வேண்டும். டீசல் எஞ்சின் ஐடிலில் மிகக் குறைந்த எரிபொருளையே எரிக்கும், சூடும் குறைவு. கடுங்குளிரில் நின்ற இடத்தில் அரைமணி நேரம் ஓடவிட்டும் கேபின் சூடாகாதது பழுது அல்ல. ஓட்டும்போதும் சூடாகாவிட்டால்தான் பழுது.

ஒன்று கொதித்து, ஒன்று ஆறியிருந்தால்

முதலில் ஹீட்டர் கன்ட்ரோல் வால்வைத் தேடுங்கள். சில பிக்கப்களில் உள்ளே போகும் ஹோஸின் நடுவே இது இருக்கும். சிலவற்றில் இருக்கவே இருக்காது. இருந்தால், ஒருவர் உள்ளே உட்கார்ந்து குமிழைத் திருப்ப, மற்றவர் வால்வின் கை அசைகிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் கழன்றிருந்தாலோ துருப்பிடித்து இறுகியிருந்தாலோ அங்கேயே தெரிந்துவிடும். வேக்குவத்தில், அதாவது எஞ்சினின் உறிஞ்சும் விசையில், இயங்கும் வால்வு என்றால் அதற்கு வரும் மெல்லிய ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். வால்வுக்கு முன்னால் சூடும் பின்னால் குளிரும் என்றால் குற்றவாளி வால்வுதான்.

வால்வு இல்லை அல்லது நன்றாக இருக்கிறது என்றால், ஹீட்டர் கோருக்குள் அடைப்பு. கூலன்ட்டில் துருவைத் தடுக்கும் சேர்மங்கள் உண்டு. ஆண்டுகள் போகப் போக அவை தீர்ந்துவிடும். பிறகு இரும்பின் துரு கழன்று சுற்றத் தொடங்கும். கோரின் குழாய்கள் மிகக் குறுகலானவை. ஓட்டம் மெதுவாக இருக்கும் இடம் அதுதான். துரு அங்கே வந்து படியும். வகை பார்க்காமல் இரண்டு கூலன்ட்களைக் கலப்பதும், ரேடியேட்டர் ஒழுகலை அடைக்கும் பொடியை ஊற்றுவதும் இதை விரைவுபடுத்தும். ஒழுகலை அடைக்கிற பொடிக்கு எது ஓட்டை, எது ஹீட்டர் கோரின் குழாய் என்று தெரியாது. அவசரத்துக்கு நடுவழியில் பயன்படுத்தினால் புரிந்துகொள்ளலாம். வாங்கிவைத்துப் பழக்கமாக ஊற்றக் கூடாது.

அடைப்பைக் கழுவி எடுக்கும் முறை:

1. எஞ்சின் ஆறியபின், ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகால் திருகைத் திறந்து கொஞ்சம் கூலன்ட்டை ஒரு பாத்திரத்தில் இறக்குங்கள்.
2. ஹோஸ்களை முடிந்தவரை எஞ்சின் பக்கமே கழற்றுங்கள். தடுப்புச் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கோரின் குழாய்கள் மெல்லிய பித்தளை அல்லது அலுமினியம். ஒட்டிப்போன ஹோஸை முறுக்கி இழுத்தால் அவை வளைந்துவிடும் அல்லது உள்ளே பற்றவைத்த இடத்தில் விரிசல் விழும். அந்தப் பக்கம்தான் கழற்ற வேண்டும் என்றால், ஹோஸை பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்தெடுங்கள். ஹோஸ் மலிவு, கோர் மலிவல்ல.
3. கோரிலிருந்து கூலன்ட் திரும்பும் ஹோஸில் தண்ணீர்க் குழாயைப் பொருத்தி, எதிர்த்திசையில் தண்ணீர் விடுங்கள். குழாயை முழுவதும் திறக்காதீர்கள். குழாய்த் தண்ணீரின் அழுத்தம் வண்டியின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு இருக்கலாம். இருபது வருடம் பழகிய கோர் அதில் பிளந்துவிடும்.
4. மறுமுனையை ஒரு வாளிக்குள் விட்டு, வருவதைப் பாருங்கள். முதலில் மிஞ்சிய கூலன்ட் வரும், அடுத்து செம்மண் கரைத்ததுபோல் கலங்கல் வரும். சில நேரம் தட்டுத்தட்டான துருச் செதில்களும் வரும். திசையை மாற்றி மாற்றிக் கழுவி, தெளிந்த தண்ணீர் தாராளமாக ஓடும்வரை தொடருங்கள்.
5. கடைசியாக வாலைவடிநீரால் (டிஸ்டில்டு வாட்டர்) ஒருமுறை அலசி, ஹோஸ்களைப் புது கிளாம்ப் போட்டு மாட்டுங்கள்.

எவ்வளவு கழுவியும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறது என்றால் கோரை மாற்ற வேண்டியதுதான். வலுவான அமிலத்தை ஊற்றி அடைப்பை அரிக்கச் சிலர் முயல்கிறார்கள். என் கருத்தில் அது வேண்டாத பந்தயம்: அடைப்பையும் சேர்த்து உலோகத்தையும் அரித்தால், சூடில்லாத கோர் ஒழுகும் கோராகிவிடும்.

இரண்டும் கொதித்தும் சூடு வராவிட்டால்

இப்போது டேஷ்போர்டுக்குள் இருக்கும் கதவுகளைக் கவனிக்க வேண்டும். இவற்றில் வெப்பநிலையை முடிவு செய்யும் கதவை பிளெண்ட் டோர் என்பார்கள். ஒரு முனையில் நின்றால் காற்று முழுவதும் ஹீட்டர் கோர் வழியாகப் போகும். மறு முனையில் கோரைத் தொடாமலே கடந்துவிடும். அந்தக் கதவு குளிர்ப் பக்கமே நின்றுவிட்டால், கோர் எவ்வளவு கொதித்தாலும் பயனில்லை.

கேபிளில் இயங்கும் பழைய அமைப்பில் குமிழைத் திருப்பும்போது கையில் ஒரு எதிர்ப்பு தெரிய வேண்டும். கடைசியில் 'டொப்'பென்று கதவு முட்டும் சத்தமும் கேட்கும். எதிர்ப்பே இல்லாமல் குமிழ் சுழன்றால் கேபிளின் முனை கழன்றிருக்கும் அல்லது பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும். இது பழுதுகளிலேயே மலிவானது.

சிறு மின் மோட்டாரால் இயங்கும் கதவில், குமிழைத் திருப்பியதும் டேஷ்போர்டுக்குள் 'டக் டக் டக்' என்று சத்தம் தொடர்ந்தால் மோட்டாரின் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கிறது. சத்தமில்லாமல் மோட்டார் சுழன்றும் சூட்டில் மாற்றமில்லை என்றால் கதவின் அச்சே முறிந்திருக்கலாம். 1997 முதல் 2003 வரை வந்த போர்டு எஃப்-150, 1994 முதல் 2001 வரை வந்த டாட்ஜ் ராம் ஆகியவற்றில் இந்தக் கதவு உடைவது நன்கு அறியப்பட்ட பலவீனம். டேஷ்போர்டைக் கழற்றாமலே சிறு திறப்பு வழியாகப் பொருத்தும் உலோகக் கதவுகளையே இதற்கென்று தனி நிறுவனங்கள் விற்கின்றன. எனவே, முழு டேஷ்போர்டையும் இறக்க ஒப்புக்கொள்ளும் முன் உங்கள் மாடலுக்கு அப்படி ஒன்று உண்டா என்று விசாரியுங்கள்.

காற்று எங்கே வருகிறது என்பதும் ஒரு தடயம். வேக்குவத்தில் இயங்கும் கதவுகளைக் கொண்ட பல பிக்கப்களில், வேக்குவம் போய்விட்டால் ஸ்பிரிங் கதவுகளை முன்கண்ணாடிப் பக்கம் தள்ளிவிடும். பனி படர்ந்தால் கண்ணாடி முதலில் தெளிய வேண்டும் என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். எந்தக் குமிழைத் திருப்பினாலும் காற்று கண்ணாடிக்கே போகிறது என்றால் வேக்குவக் குழாய் எங்கோ கழன்றிருக்கிறது. மேட்டில் ஏறும்போது மட்டும் கால் பக்கம் வந்த காற்று கண்ணாடிக்கு மாறினால், ஒருவழி வால்வோ வேக்குவத்தைச் சேமிக்கும் டப்பாவோ ஒழுகுகிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது பெட்ரோல் எஞ்சினின் வேக்குவம் இறங்கும். சேமிப்பு இல்லாததால் கதவுகள் பிடி நழுவும். டீசலில் வேக்குவத்தை உண்டாக்கத் தனி பம்ப் இருக்கும். அதையும் பார்க்க வேண்டும்.

காற்றே வரவில்லை, அல்லது மெலிதாக வருகிறது

புளோயர் அதிகபட்ச வேகத்தில் மட்டும் ஓடி, மற்ற வேகங்களில் ஓடாவிட்டால் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. குறைந்த வேகங்களுக்கான மின்சாரம் அதன் வழியாகப் போகிறது. அதிகபட்ச வேகத்துக்கு அது தேவையில்லை. ரெசிஸ்டர் காற்றுக் குழாயிலேயே பொருத்தப்பட்டிருக்கும். பெரும்பாலும் பயணி பக்க டேஷ்போர்டுக்குக் கீழே இரண்டு திருகில் கழன்றுவிடும்.

எந்த வேகத்திலும் ஓடாவிட்டால் ஃப்யூஸ், ரிலே, சுவிட்ச், எர்த் வயர், மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். மோட்டாரின் இணைப்பில் 12 வோல்ட் வந்து, எர்த்தும் சரியாக இருந்து மோட்டார் அசையவில்லை என்றால் மோட்டார்தான் போயிருக்கிறது. அதன் உடலை லேசாகத் தட்டியதும் ஓடத் தொடங்கினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். இன்னும் சில நாள் தாங்கலாம், அவ்வளவே.

ரெசிஸ்டரை மாற்றும்போது பிளக்கை உற்றுப் பாருங்கள். பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால், தேய்ந்துபோன மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது. ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் புதியதும் எரியும். ஃப்யூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிய ஆம்பியர் ஃப்யூஸைப் போடுவது தீ விபத்துக்கு வழி.

மோட்டார் சத்தமாக ஓடியும் காற்று மெலிந்திருந்தால் வழியில் குப்பை. பழைய பிக்கப்கள் பலவற்றில் கேபின் ஃபில்டர் கிடையாது. கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடை வழியாக இலையும் விதையும் எலி சேர்த்த பஞ்சும் புளோயர் சக்கரத்துக்குள் வந்துவிடும். புளோயரைக் கழற்றிக் கையால் அள்ளி எடுப்பதுதான் ஒரே தீர்வு.

ஓடும்போது சூடு, நின்றால் குளிர்

சிக்னலில் நிற்கும்போது குளிர்ந்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டியதும் சூடு திரும்பினால் மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கூலன்ட் குறைவு. அடுத்தது பாதி அடைந்த கோர். மூன்றாவது வாட்டர் பம்ப்: உள்ளே கூலன்ட்டைத் தள்ளும் சக்கரத்தின் இதழ்கள் துருவால் அரிக்கப்பட்டு, குறைந்த வேகத்தில் ஹீட்டர் வரை தள்ளும் வலுவை இழந்திருக்கும். முதல் இரண்டையும் நீக்கியபிறகே பம்ப்பைச் சந்தேகிப்பது நியாயம்.

இனிப்பு வாசனையும் கண்ணாடியில் பிசுக்கும்

ஹீட்டரைப் போட்டதும் இனிப்பான வாசனை வருகிறது, கண்ணாடியின் உட்புறம் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் பிசுக்குபோல் படர்கிறது, பயணி பக்கத் தரைவிரிப்பு நனைந்திருக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் கோர் ஒழுகுகிறதா என்று சந்தேகிக்க வேண்டும். நனைந்த இடத்தை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள்: நிறமும் பிசுபிசுப்பும் இருந்தால் கூலன்ட், தெளிந்த தண்ணீர் என்றால் மழைநீரோ ஏசி வடிகாலோ.

எத்திலீன் கிளைகால் கொடிய விஷம். அதன் இனிப்பு நாயையும் பூனையையும் குழந்தையையும் ஈர்க்கும். சிறிதளவே சிறுநீரகத்தை அழித்துவிடும். சிந்தியதை அப்படியே விடாதீர்கள். இறக்கிய பழைய கூலன்ட்டை மூடிய டப்பாவில் சேர்த்து, அதை வாங்கி அப்புறப்படுத்தும் இடத்தில் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றக் கூடாது.

கோர் ஒழுகினால் இரண்டு ஹோஸ்களையும் நேராக இணைத்து கோரை ஒதுக்கிவிடுவது பரவலான தற்காலிக வழி. எஞ்சினுக்கு அது உடனடிக் கேடு செய்யாது. ஆனால் கண்ணாடியில் படரும் பனியை நீக்க அதற்குப்பின் வழியே இருக்காது. குளிர்ப் பகுதியில் அந்த வண்டியை ஓட்டுவது முன்னால் வருபவருக்கும் ஆபத்து. கோடை வரை ஒத்திவைக்கலாம் என்று நினைப்பவர்கள், அதுவரை அந்த வண்டியைக் காலைப் பனியில் எடுக்காமல் இருக்க வேண்டும்.

காணாமல் போகும் கூலன்ட்

வெளியே எங்கும் ஒழுகல் இல்லை, தரைவிரிப்பும் உலர்ந்திருக்கிறது, ஆனாலும் அளவு குறைந்துகொண்டே போகிறது. ஹீட்டரோ சூடும் குளிருமாக மாறி மாறி ஊதுகிறது. இப்படியானால் ஹெட் கேஸ்கெட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். சிலிண்டருக்கும் கூலன்ட் பாதைக்கும் நடுவே இருக்கும் அந்தத் தகடு விட்டுப்போனால், எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுந்து ஹீட்டர் கோரில் காற்றாகச் சேரும். கூலன்ட் சிலிண்டருக்குள் போய் நீராவியாகும்.

கவனிக்க வேண்டியவை:

1. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே ரேடியேட்டர் மேல் ஹோஸ் கல்போல் விறைப்பது.
2. எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்தால், கழுத்தில் இடைவிடாமல் குமிழிகள் கிளம்புவது.
3. எஞ்சின் சூடான பிறகும் சைலன்சரிலிருந்து இனிப்பு வாசனையுள்ள வெண்புகை நிற்காமல் வருவது.

மெக்கானிக்கிடம் இதற்கென ஒரு நீல நிறத் திரவச் சோதனை உண்டு. ரேடியேட்டர் வாயில் எரிந்த வாயு இருந்தால் திரவம் நிறம் மாறும். கேஸ்கெட் போன வண்டியில் ஹீட்டர் கோரை மாற்றுவது வீண் செலவு.

எஞ்சின் சூடேறுகிறதே என்று ஹீட்டரைப் போட்டுச் சமாளிக்கும் பழைய வழக்கம் நல்லதுதான். ஆனால் கேஜ் சிவப்பில் நிற்க ஹீட்டர் குளிர்காற்று ஊதினால், கூலன்ட் சுற்றவே இல்லை. உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். இன்னும் இரண்டு கிலோமீட்டர் போய்விடலாம் என்று போனால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

திரும்ப நிரப்பும்போது

தெர்மோஸ்டாட் மாற்றியோ கோரைக் கழுவியோ முடித்தபிறகும் ஹீட்டர் குளிர்ந்தே இருப்பது பலரைக் குழப்புகிறது. வேலை தவறிவிட்டதாக நினைத்து மீண்டும் கழற்றுகிறார்கள். பெரும்பாலும் உள்ளே காற்று சிக்கியிருக்கும். அதை வெளியேற்ற:

1. வண்டியின் முன்பக்கம் சற்று உயர்ந்திருக்கும்படி சரிவில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ரேடியேட்டரின் வாய் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும்.
2. எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து, கூலன்ட்டை மெதுவாக ஊற்றி நிரப்புங்கள். காற்று விடும் திருகு இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழியில்லாமல் கூலன்ட் வரும்வரை விடுங்கள்.
3. ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி இல்லாமலே ஸ்டார்ட் செய்யுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் அளவு சட்டென்று இறங்கும், உடனே நிரப்புங்கள். கூலன்ட் பொங்கி ஏறினால் விலகி நின்று, எஞ்சினை அணைத்து ஆறவிடுங்கள்.
4. குமிழிகள் நின்று, டேஷ்போர்டு வாயில் சூடான காற்று வந்தபின் மூடியைப் போடுங்கள்.

மறுநாள் காலை, எஞ்சின் ஆறியிருக்கும்போது அளவைப் பாருங்கள். சிறிது இறங்கியிருக்கும், நிரப்பிவிடுங்கள். அதன்பின் ஒரு வாரம் தினமும் பாருங்கள். அளவு அசையாமல் நின்றால் ஹீட்டர் வேலை முடிந்தது. இறங்கிக்கொண்டே இருந்தால் ஒழுகல் இன்னும் அகப்படவில்லை. மீண்டும் தரைவிரிப்பிலிருந்தும் ஹெட் கேஸ்கெட்டிலிருந்தும் தேட வேண்டும்.